அப்பாவின் இசைத்தட்டுகள்: விற்கலாமா, வைத்திருக்கலாமா?

கேள்வி: என் அப்பா கருங்கல் பக்கம் முப்பது வருஷம் மைக் செட் நடத்தினார். அவர் காலமாகி நான்கு வருஷம் ஆகிறது. வீட்டில் 640 இசைத்தட்டுகள், ஒரு பழைய ரெக்கார்டு பிளேயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், பாட்டுகளின் பெயர் எழுதி வைத்த நான்கு நோட்டுகள் இருக்கின்றன. போன மாதம் திருவனந்தபுரத்தில் இருந்து ஒரு வியாபாரி வந்து, எல்லாவற்றையும் சேர்த்து 60,000 ரூபாய்க்குக் கேட்டார். குவைத்தில் இருக்கும் என் தம்பி, "விற்காதே அக்கா, பத்து வருஷத்தில் பத்து மடங்காகும்" என்கிறான். என் மகனோ ஆறு லட்சம் கடன் வாங்கி, நாகர்கோவிலில் இசைத்தட்டும் காபியுமாக ஒரு கடை போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். இந்த இசைத்தட்டு மோகம் நிலைக்குமா, இல்லை நாலு வருஷத்தில் அடங்கிவிடுமா? நான் என்ன செய்யட்டும்?

- ஒரு வாசகி, கருங்கல்

பதில்:

சகோதரிக்கு வணக்கம். முதலில் ஒரு வேலை. அந்த வியாபாரிக்கு இன்னும் சரி சொல்லாதீர்கள். அப்பாவின் நான்கு நோட்டுகளையும் எடுத்து, தட்டுகளோடு சேராமல் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். நோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் நாகர்கோவில் வடசேரியில் 38 வருஷமாக ரெக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிஃபயர், டேப் எல்லாம் பழுது பார்க்கிறவன். தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கி ஒரு பதினைந்து வருஷம், ஒரு வருஷம் முழுக்க ஒரு ரெக்கார்டு பிளேயர்கூட என் மேசைக்கு வராமல் போனதுண்டு. இப்போது மாதம் ஏழு, எட்டு வருகிறது. தூத்துக்குடியில் இருந்தும் திருவனந்தபுரத்தில் இருந்தும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஆகவே இதை வெறும் மோகம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆறு லட்சம் கடன் என்று நீங்கள் எழுதிய இடத்தில் பதறிவிட்டேன். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: இசைத்தட்டு நிலைக்கும், சின்ன அளவில் நிலைக்கும். கடன் வாங்கி அதன்மேல் ஏறி நிற்கிற அளவுக்கு அது பெரிதாகாது.

ஏன் நிலைக்கும் என்கிறேன்? அமெரிக்கக் கணக்கைப் பார்ப்போம், அங்கேதான் வருஷாவருஷம் ஒழுங்காக எண்ணி வைக்கிறார்கள். 2006-இல் அங்கே விற்ற புதிய எல்பி தட்டுகள் (ஒரு பக்கத்தில் பல பாட்டுகள் அடங்கும் பெரிய தட்டுகள்) பத்து லட்சம்கூட இல்லை. 2024-இல் 4.3 கோடியைத் தாண்டியது. இடையில் 18 வருஷம் ஒருமுறைகூட வருமானம் இறங்கவில்லை. 2022-இல் எண்ணிக்கையிலும் சிடியை முந்திவிட்டது, 1987-க்குப் பிறகு முதல் தடவையாக. 18 வருஷம் என்றால் ஒரு பிள்ளை பிறந்து ஓட்டுப் போடும் வயது. வெறும் மோகத்துக்கு இவ்வளவு ஆயுள் கிடையாது. 2010-இல் நிறுத்திய எஸ்.எல். 1200 டர்ன்டேபிளை, அதாவது ரெக்கார்டு பிளேயரை, டெக்னிக்ஸ் நிறுவனம் 2016-இல் திரும்பவும் செய்யத் தொடங்கியது. 1989-இல் தட்டு அடிப்பதை விட்ட சோனி, 2018-இல் ஜப்பானில் மறுபடி அச்சு எந்திரத்தை ஓட்டியது. இரும்பிலும் எந்திரத்திலும் பணம் போடுகிறவர்கள் நாலு நாள் ஆசைக்காகப் போட மாட்டார்கள்.

அப்புறம் ஏன் சின்ன அளவில் என்கிறேன்? அதே அமெரிக்காவில் 1977-இல் விற்றது 34 கோடித் தட்டுகள். 2024-இன் விற்பனை அதில் எட்டில் ஒரு பங்குதான். பாட்டில் இருந்து அங்கே 2024-இல் வந்த மொத்த வருமானத்தில் 84 சதவீதம் போனில் ஓடும் ஸ்ட்ரீமிங்கில் இருந்து வந்தது. அந்த இடத்தை இசைத்தட்டு இனி பிடிக்கப் போவதில்லை. கார் வந்த பிறகும் சைக்கிள் இருக்கிறதல்லவா, அப்படி இருக்கும்.

இன்னொரு விஷயம் உங்கள் மகனுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். 2022-இல் அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், அந்த வருஷம் இசைத்தட்டு வாங்கியவர்களில் பாதிப் பேரிடம்தான் அதைப் போட்டுக் கேட்க ஒரு பிளேயர் இருந்தது. மற்றப் பாதிப் பேர் அட்டைக்காகவும், தங்களுக்குப் பிடித்த பாடகருக்காகவும், அலமாரியில் அழகாக நிற்கட்டும் என்றும் வாங்கியவர்கள். 2023-இல் அங்கே விற்ற இசைத்தட்டுகளில் ஏறத்தாழ 15-க்கு ஒன்று டெய்லர் ஸ்விஃப்ட் என்ற பாடகி ஒருவருடையது. ஒரே ஆல்பத்தை நாலு அட்டையில், நாலு நிறத்தில் போடுகிறார்கள். ரசிகர்கள் நாலையும் வாங்குகிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. நம் பிள்ளைகள் நடிகர் படத்தைச் சுவரில் ஒட்டிய அதே அன்புதான் அது. ஆனால் அந்தப் பாதி எந்த வருஷமும் வேறொரு பொருளுக்கு மாறிவிடும். ஊசி வைத்துக் கேட்கிற பாதி மாறாது. ஊசி தேய்ந்தால் வேறு ஊசி வாங்கும், பெல்ட் அறுந்தால் என்னைப் போன்றவனைத் தேடி வரும். இசைத்தட்டு எவ்வளவு காலம் இருக்கும் என்பதை இந்தக் கேட்கிற பாதிதான் முடிவு செய்யும்.

இன்னொரு பலவீனமும் உண்டு. தட்டு அச்சடிக்கும் முன், லாக்கர் என்ற வார்னிஷ் மாதிரிப் பூச்சுப் பூசிய ஒரு வட்டில் பாட்டைப் பள்ளமாக வெட்டுவார்கள். அந்த லாக்கர் வட்டைச் செய்த நிறுவனங்கள் உலகத்திலேயே இரண்டுதான் இருந்தன. 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் இருந்த ஒன்று தீப்பிடித்து முழுக்க எரிந்தது. மிஞ்சியது ஜப்பானில் ஒன்று. செம்பு வட்டில் நேரடியாக வெட்டும் வேறொரு முறை இருப்பதால் தொழில் நின்றுவிடவில்லை. ஆனாலும் இவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிற தொழில் இது என்று அன்றைக்குத் தெரிந்தது.

சரி, இதெல்லாம் புதுத் தட்டுகளின் கதை. உங்கள் வீட்டில் இருப்பது பழையது. இரண்டையும் ஒன்றாக எண்ணித்தான் உங்கள் தம்பி பத்து மடங்கு என்று கணக்குப் போடுகிறார்.

அப்பாவின் தட்டுகளை வாங்கக்கூடியவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். தென்னை மரத்தில் குழாய் கட்டி, விடிகாலை நாலு மணிக்கு சீர்காழி கோவிந்தராஜன் குரலில் கல்யாண வீடு விழித்த காலத்தைக் கண்டவர்கள். கோவில் கொடைக்கும், குருசடித் திருநாளுக்கும், தக்கலை பீரப்பா ஆண்டு விழாவுக்கும் போகிற வழியெல்லாம் பாட்டுக் கேட்டு நடந்தவர்கள். இலங்கை வானொலியைக் கேட்டு, அந்தப் பாட்டின் தட்டைத் தேடி அலைந்தவர்கள். அவர்களுக்கு இன்று ஐம்பத்தைந்தில் இருந்து எண்பது வயதுக்குள் இருக்கும். அறுபதுகளில், எழுபதுகளில் வந்த சினிமாப் பாட்டுத் தட்டுக்கு மிக அதிக விலை தருகிறவர்கள் இவர்கள்தான், ஏனென்றால் இவர்கள் வாங்குவது தங்கள் சின்ன வயதை. இன்னும் பதினைந்து, இருபது வருஷத்தில் இவர்களில் பலர் இருக்க மாட்டார்கள். இவர்கள் சேர்த்தவையும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வரும். அதனால் சாதாரண சினிமாப் பாட்டுத் தட்டுகளை விலை ஏறட்டும் என்று பத்து வருஷம் பூட்டி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தம்பியிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

இதில் விதிவிலக்கு உண்டு. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய தட்டுகள், அரக்குத் தட்டு என்போமே, அவற்றில் நாதஸ்வரம், நாடகப் பாட்டு, வில்லுப்பாட்டு, தேர்தல் பேச்சு ஏதாவது இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். அதே போல நம் பக்கத்துத் தேவாலயப் பாடகர் குழுக்கள் பாடிய தட்டுகள். இவையெல்லாம் குறைந்த எண்ணிக்கையில் அடித்தவை. இவற்றைத் தேடுகிறவர்கள் பழைய நினைப்புக்காக மட்டும் தேடுவதில்லை. ஆராய்ச்சி செய்கிறவர்கள், ஆவணம் சேர்க்கிறவர்கள் தேடுகிறார்கள். அந்தத் தேவை வயதோடு போகாது. மேற்குப் பக்கம் மைக் செட் நடத்தியவர் என்பதால் அப்பாவிடம் மலையாளத் தட்டுகளும் நிறைய இருக்கும். வியாபாரி திருவனந்தபுரத்தில் இருந்து கருங்கல் வரைக்கும் வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவர் சொன்ன விலையை 640-ஆல் வகுத்தால் தட்டுக்கு 94 ரூபாய் வருகிறது. மொத்தமாக வாங்குகிறவர் முப்பது, நாற்பது தட்டுகளைக் கண்ணில் குறித்துக்கொண்டுதான் விலை சொல்வார். மற்றவை அவற்றோடு சேர்ந்து போகும் சுமை. அதில் தப்பில்லை, வண்டிக் கூலியும் விற்காமல் கிடக்கிற நஷ்டமும் அவர் தலையில். ஆனால் அந்த முப்பது, நாற்பது எவை என்று தெரியாமல் நீங்கள் விற்கக் கூடாது.

இப்போது கொஞ்சம் கஷ்டமான செய்தி. மைக் செட் தட்டுகள் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். அந்தக் காலத்துக் கிரிஸ்டல் பிக்கப் (ஊசியைத் தாங்கும் தலை) எட்டு, பத்து கிராம் எடையைத் தட்டின்மேல் வைக்கும். அதே இடத்தில் இருக்கும் இன்றைய காந்த வகைக் கார்ட்ரிட்ஜுக்கு ஒன்றரை, இரண்டு கிராம் போதும். அன்றைக்கு விலை குறைவாகக் கிடைத்த சஃபையர் ஊசி ஐம்பது மணி நேரம் ஓடினாலே தேயத் தொடங்கும். முகூர்த்த மாதத்தில் இரண்டு கல்யாண வீட்டிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடும். தேய்ந்த ஊசி பள்ளத்தின் சுவரை உளி மாதிரி செதுக்கும். அதிலும், சனங்கள் திரும்பத் திரும்பப் போடச் சொன்ன நல்ல பாட்டுத்தான் முதலில் அழியும். ஆகவே எல்லோருக்கும் பிடித்த பாட்டுத் தட்டு உங்களிடம் இருந்தால், அதன் நிலை மோசமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். யாரும் கேட்காமல் அடியில் கிடந்த தட்டு கண்ணாடி மாதிரி மின்னும்.

இதை நீங்களே பார்க்கலாம். டியூப் லைட்டுக்குக் கீழே தட்டைச் சாய்த்துப் பிடியுங்கள், விரல் ஓரத்தில் மட்டும் படட்டும். பள்ளம் கறுப்பாக மின்னினால் நல்லது. சாம்பல் பூத்த மாதிரி வெளுத்திருந்தால் தேய்ந்தது. அப்புறம் காதால் சோதிக்க வேண்டும். சுசீலா அம்மா குரல் மேல் ஸ்தாயிக்குப் போகும் இடத்திலும், ச, ஸ வரும் எழுத்துகளிலும் கரகரவென்று கிழிகிறதா என்று கவனியுங்கள். தட்டின் உள்வட்டத்தில் வரும் கடைசிப் பாட்டைக் கேட்டுத்தான் நான் விலை சொல்வேன். ஊசி உள்ளே போகப் போக ஒரு சுற்றில் அது கடக்கிற தூரம் குறைகிறது, அதே பாட்டு குறைந்த இடத்தில் நெருங்கி உட்கார்ந்திருக்கிறது. அதனால் தேய்மானம் அங்கேதான் முதலில் காதில் விழும்.

எண்பதுகளில் நாகர்கோவிலில் கேசட் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், எல்பியில் இருந்து கேசட்டில் ஏற்றி இரண்டு நாளில் தருவார்கள். அந்தக் கடைகள் மூடியபோது மைக் செட்காரர்கள் பலர் அங்கிருந்து தட்டு வாங்கினார்கள். கடை முத்திரை போட்ட உறை உங்களிடம் இருந்தால் அவற்றை முதலில் பாருங்கள். நல்ல டர்ன்டேபிளில், வைர ஊசியில், ஒவ்வொரு பாட்டுக்கும் அளந்து ஓடியவை அவை. என் அனுபவத்தில் நம் மாவட்டத்தில் மிஞ்சிய நல்ல தமிழ் எல்பிகளில் பல இந்த வழியாக வந்தவை.

தட்டுகளைத் தொடும் முன் ஒரு எச்சரிக்கை, இது என் கையால் நடந்த தப்பு. தொழில் பழகிய முதல் வருஷம், ஒருவர் தன் தாத்தாவின் அரக்குத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். நம்ம ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் பாடியது. அழுக்குப் போகட்டும் என்று ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரு சுற்றுத் துடைத்தேன். துணி கறுப்பானது, அழுக்கு வருகிறது என்று நினைத்து இன்னும் துடைத்தேன். வந்தது அழுக்கு இல்லை, தட்டு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அந்த மனிதர் ஒரு வார்த்தை திட்டாமல் தட்டை வாங்கிக்கொண்டு போனார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆகவே 78 தட்டுகளில் ஸ்பிரிட், சானிட்டைசர், கொலோன் எதுவும் படக் கூடாது. எது அரக்கு, எது வினைல் என்கிற பிளாஸ்டிக் என்று சந்தேகமாக இருந்தால் கையில் எடுத்துப் பாருங்கள். அரக்குத் தட்டு கனமாக, விறைப்பாக இருக்கும், கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையும். வினைல் லேசாக வளையும். இரண்டுக்குமே பொதுவான வழி, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, பள்ளம் ஓடுகிற வட்டத்திலேயே துடையுங்கள், குறுக்கே துடைக்காதீர்கள். நடுவில் இருக்கும் காகித லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒருமுறை துடைத்து, தட்டு அடுக்கும் ஸ்டாண்டில் நிற்க வைத்து நிழலில் உலர விடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று முற்றத்து வெயிலில் வைத்தால் அரை மணி நேரத்தில் அப்பளம் மாதிரி வளைந்துவிடும்.

நம் ஊருக்கு இன்னொரு தொல்லை உண்டு. தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை இரண்டிலும் நனைகிற மாவட்டம் இது. கருங்கல்லுக்குக் கடல் காற்றும் எட்டும். காகித உறையில் பூஞ்சை பிடித்து, அது தட்டின் பள்ளத்துக்குள் இறங்கும். ராமபாணப் பூச்சி அட்டையின் பசையைத் தின்னும். தட்டுகளைப் படுக்கையாக அடுக்கியிருந்தால் இன்றைக்கே நிமிர்த்துங்கள், புத்தகம் மாதிரி நேராக, ஒன்றோடொன்று தாங்கி நிற்க வேண்டும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், தரையில் இருந்து ஓர் அடியாவது மேலே இருக்கட்டும். பழைய காகித உறைகளை எறியாதீர்கள். தட்டை மட்டும் புதிய பாலிதீன் உள்ளுறைக்கு மாற்றி, பழைய உறையை அதன் பின்னால் வையுங்கள். கண்ணாடி மாதிரித் தெரியும் பி.வி.சி. கவர்கள் வேண்டாம், அவை நாள்பட ஒட்டிக்கொண்டு தட்டின்மேல் மூட்டம் போட்டுவிடும்.

இனி உங்கள் மகன். அவர் ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது, தாத்தாவின் பொருளைச் சுமை என்று நினைக்காத பிள்ளை. அதனாலேயே கடனில் மாட்டக் கூடாது என்கிறேன். நம் மலையோரத்தில் ரப்பர் கண்டவர்களிடம் இதைச் சொல்வது எளிது. 2011-இல் கிலோ 240 ரூபாய் வரை போனது. அந்த விலையைப் பார்த்துத் தென்னையை வெட்டி ரப்பர் நட்டவர்களுக்கு, மரம் பால் வெட்டுகிற பருவத்துக்கு வர ஏழு வருஷம் வேண்டும். 2016 தொடக்கத்தில் விலை நூறு ரூபாய்க்கும் கீழே கிடந்தது. ரப்பர் அழியவில்லை, பிறகு விலை திரும்பவும் ஏறியது. ஆனால் நடுவில் வட்டி கட்டியவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று குலசேகரத்திலும் அருமனையிலும் கேட்டுப் பார்க்கலாம். பொருள் நிலைப்பது ஒன்று, அதை நம்பி வாங்கிய கடன் நிலைத்து நிற்பது இன்னொன்று.

கடைக்கு இடம் பார்க்கும் முன் மகன் ஒரு கணக்கு எடுக்கட்டும். இரணியல், தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில், குளச்சல், இவ்வளவிலும் ஓடுகிற நிலையில் ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? பெயரோடு ஐம்பது பேரை அவரால் காட்ட முடியுமா? புதிய இறக்குமதி எல்பி இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் என்று விற்கிறது. அந்த விலையில் மாதம் ஒரு தட்டு வாங்குகிறவர்கள் ஐம்பது பேரில் எத்தனை பேர்? காபி விற்று வாடகை கட்டிவிடலாம் என்றால் அது காபிக் கடை, தட்டு அங்கே சுவர் அலங்காரம். வாடிக்கையாளர் முன்னால் தட்டைப் போட்டுப் பாட்டு ஒலிக்க வைக்க பதிப்புரிமை உரிமம் எடுக்க வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்கட்டும். கல்யாண வீட்டுக்கும் கோவில் சடங்குக்கும் சட்டம் விலக்குத் தருகிறது, கடைக்குத் தராது.

அதற்குப் பதிலாக ஒன்று சொல்கிறேன். இந்தத் தொழிலில் இன்றைக்குத் தட்டுக்குப் பஞ்சமில்லை. மும்பைப் பக்கம் 2024-இல் புதிதாக ஓர் அச்சு ஆலைகூடத் தொடங்கியிருக்கிறது. பஞ்சம் இருப்பது பழுது பார்க்கிற கைக்குத்தான். என்னோடு தொழில் பழகியவர்களில் இப்போது இந்த வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர், இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. பழைய கேரார்டு கம்பெனி பிளேயரில் தட்டைச் சுழற்றும் சின்ன ரப்பர் சக்கரம் இறுகிப்போனால் பாட்டு அலையும். வெளியூரில் அதற்கு மாற்று தேடி அலைகிறார்கள். நான் நம் மாவட்டத்திலேயே ரப்பர் ரோலர் கடையும் பட்டறையில் கொடுத்து, புது ரப்பர் ஏற்றி வாங்கிக்கொள்கிறேன். இந்த வசதி சென்னையில் இருப்பவனுக்குக்கூட எளிதில் கிடைக்காது. கார்ட்ரிட்ஜ் மாட்டுவது, எடை அளந்து வைப்பது, தட்டுக் கழுவுவது, பாட்டைக் கணினியில் ஏற்றித் தருவது, இவற்றைக் கற்க ஒரு வருஷம் போதும். முதலீடு ஐம்பது, அறுபது ஆயிரத்துக்குள் அடங்கும். மோகம் குறைந்தாலும் கேட்கிற பாதி இருக்கும் என்றேனே, அவர்களுக்கு இந்தக் கை எப்போதும் வேண்டும்.

ஒன்று மட்டும் அவரிடம் உறுதியாகச் சொல்லுங்கள். பெட்டி மாதிரி மூடித் தூக்கிப் போகிற மலிவு விலை பிளேயர் ஒன்றை வாங்கி அதில் தாத்தாவின் தட்டுகளைப் போட வேண்டாம். பலவற்றில் ஐந்து கிராம் அழுத்துகிற செராமிக் கார்ட்ரிட்ஜ், எடையைக் குறைக்க வழியும் இருக்காது. 78 தட்டை எல்பி ஊசியால் ஓட்டவும் கூடாது. 78-இன் பள்ளம் அகலம், அதற்கு ஏறத்தாழ நான்கு மடங்கு பருத்த ஊசி முனை வேண்டும். அப்பாவின் பிளேயரில் ஊசிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு இருந்தால், ஒரு பக்கம் 78 என்றும் மறுபக்கம் எல்பி என்றும் எழுதியிருக்கும், அதற்குத்தான்.

விற்பதைப் பற்றி முடிவாகச் சொல்கிறேன். மொத்தமாக விற்காதீர்கள். தேய்ந்தவை, இரண்டு பிரதி இருப்பவை, உங்கள் வீட்டில் யாருக்கும் ஒட்டாதவை, இவற்றைப் பிரித்து இப்போதே விற்றுவிடுங்கள், விலை ஏறும் என்று காக்க வேண்டாம். அதே வியாபாரியிடம்கூட விற்கலாம். 78 தட்டுகளையும் ஊர்ப் பாடகர் குழுத் தட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, முதலில் கணினியில் ஏற்றிவிட்டு, பிறகு யோசியுங்கள். மீதியில் அப்பாவுக்குப் பிடித்த ஐம்பது, நூறு தட்டுகளை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எவை பிடிக்கும் என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள்.

நோட்டில் இருக்கும். மைக் செட்காரர்கள் நோட்டை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தட்டு எண், பாட்டின் முதல் வரி, எந்தப் பக்கம், அதோடு நிற்பதில்லை. எந்த ஊர், எந்த வீட்டுக் கல்யாணம், எந்தத் திருநாள், யார் எந்தப் பாட்டை மூன்று தடவை போடச் சொன்னார்கள் என்றெல்லாம் ஓரத்தில் எழுதி வைப்பார்கள். அடுத்த வருஷம் அதே ஊருக்குப் போகும்போது கேட்காமலே போட வேண்டும், அதுதான் தொழில் சாமர்த்தியம். முப்பது வருஷம் ஒரு பக்கத்து மக்கள் என்ன பாட்டுக் கேட்டார்கள் என்பதை அப்படி வேறு யாரும் எழுதி வைக்கவில்லை. வியாபாரி சேர்த்துக் கேட்ட சாமான்களில் அந்த நோட்டுகளும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, இருந்தாலும் கொடுக்காதீர்கள். தட்டின் லேபிளில் அப்பா பெயின்டால் எழுதிய எண் இருக்குமே, வாங்குகிறவர்கள் அதைக் குறை என்று சொல்லி விலையைக் குறைப்பார்கள். நோட்டு கையில் இருந்தால் அந்த எண்தான் தட்டையும் கல்யாண வீட்டையும் சேர்த்துக் காட்டும். மகனைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதில் உங்கள் கல்யாணப் பக்கமும் இருக்கும், தேடிப் பாருங்கள்.

மகனை ஒரு சனிக்கிழமை காலையில் என் பட்டறைக்கு அனுப்புங்கள். பத்துத் தட்டு போதும், நோட்டில் அடிக்கடி வருகிறவை ஐந்து, வராதவை ஐந்து. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுத் தேய்மானம் எப்படிக் கேட்கும் என்று காட்டுகிறேன். பிளேயரையும் எடுத்து வரட்டும், ஆனால் அதற்கு முன் வீட்டில் கரண்டில் சொருகிப் பார்க்க வேண்டாம், நாலு வருஷம் ஓடாத மோட்டாரில் எண்ணெய் இறுகியிருக்கும், வயரும் பொடிந்திருக்கலாம். பஸ்ஸில் வந்தால் தட்டுகளை மடியில் நிற்க வைத்துக்கொண்டு, வெயில் விழாத ஜன்னல் பக்கமாக உட்காரச் சொல்லுங்கள்.